சம்பளப் பட்டியல்

ஓஹையோவில், ஈரி ஏரிக்குத் தெற்கே,
குளிர்பெட்டிக் கதவுகள் செய்யும் தொழிற்சாலையில்
முப்பத்தொரு வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவள்
வெர்னா ஹ்லவாட்டி.

யாருக்குப் பிள்ளை பிறந்தது,
யார் வீட்டுக்குக் கடன் நோட்டீஸ் வந்தது,
யார் பிரிந்து வாழ்கிறார்
எல்லாம் பிடித்தங்களில் தெரிந்துவிடும்.
வாய் திறக்க மாட்டாள்.
ஒருவர் சம்பளம் இன்னொருவர் காதில் விழக் கூடாது
என்பது முதல் நாள் அவளுக்குச் சொன்ன ஒரே விதி.

அவள் சேர்ந்தபோது பட்டியல் ஒரே கட்டு.
முதல் பெயர் கம்பெனித் தலைவர் ஆஷ்கிராஃப்ட்.
கடைசிப் பெயர் தாழ்வாரம் பெருக்கும் ஒலீட்டா மிம்ஸ்.
நடுவே பதினெட்டு மடங்கு.
அதுவே அநியாயம் என்று
சாப்பாட்டு அறையில் மேஜை அதிரும்.
அதிர ஒரு மேஜை இருந்தது,
அதிர்ந்த பின் கை தூக்க ஒரு சங்கமும்.

வேலைநிறுத்த ஓட்டுக்கு முந்தின வாரம்
நிர்வாகம் ஒரே ஒரு வாக்கியம் ஒட்டியது:
கதவுகளுக்கு வேறு ஊருக்கும் வழி தெரியும்.
பதினோரு ஓட்டில் தோற்றார்கள்.
சந்தாப் பிடித்தம் என்ற பத்தி
அடுத்த வருஷம் காலியாகவே அச்சானது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
ஒலீட்டாவை எடுக்கச் சொன்னார்கள்.
வேலையிலிருந்து அல்ல,
பட்டியலிலிருந்து.
அதே துடைப்பம், அதே வாளி.
சட்டைப் பையின் மேல் மட்டும்
வேறொரு கம்பெனியின் பெயர் தைத்திருந்தது.
மணிக்கு மூன்று டாலர் குறைவு.
பல் வலித்தால் சொந்தச் செலவு.

அடுத்து மேல்முனை போயிற்று.
புதுத் தலைவர் சம்பளம் வருஷத்துக்கு ஒரு டாலர்.
பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள்.
மீதி பங்குகளாக, வேறு மாடியில், வேறு கணக்கில்,
மெலிந்த வரியோடு.
கதவு முன்னைவிட அதிகம் விற்கவில்லை.
பங்கு ஏறியது.
லாபத்தைக் கொண்டு கம்பெனி
தன் பங்கைத் தானே வாங்கிக்கொண்டது,
தன் இலைக்குத் தானே பரிமாறிக்கொள்ளும் விருந்தாளி மாதிரி.

நடுவில் வெல்டிங்காரர்கள் இருந்தார்கள்.
ஆரஞ்சு நிறத்தில் ஓர் இயந்திரக் கை வந்தது.
ட்வெய்ன் ஸ்லோவிக்தான் அதற்கு வளைவுகளைக் கற்றுத்தந்தான்.
நல்ல கை, முழங்கை வலிக்காது, என்றான்,
பெட்டி தூக்கிக்கொண்டு போகிற அன்று.
பதினான்கு பேரின் வேலை அது செய்தது.
அந்தப் பதினான்கு கூலியும்
இப்போது யார் பெயரில் விழுகிறது என்று
வெர்னா ஓர் இரவு முழுக்கத் தேடினாள்.
அவளிடமிருந்த தாள்களில் இல்லை.

அந்தக் கையைப் பார்த்துக்கொள்ள வந்த
இரண்டு பட்டதாரிகளுக்கு மூன்று மடங்கு சம்பளம்.
அவர்கள் மேல் கோபமில்லை.
படிப்புக் கடன் பிடித்தமும்
அவள்தானே போடுகிறாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து கேட்டாள்:
காரணம் எது? இயந்திரமா, இறக்குமதியா,
சங்கம் தோற்றதா, வரியா?
வெர்னா கண்ணாடியைத் துடைத்தாள்.
ஒரு கை இழுத்து நகர்ந்த தேரா இது?
யாரும் திருடவில்லை, அதுதான் சங்கடம்.
எல்லாத் தாளிலும் கையெழுத்து இருக்கிறது.
சிலவற்றில் என்னுடையது.

போன டிசம்பரில் பட்டியல் போட ஒரு மென்பொருள் வந்தது.
வெர்னா தன் பெயரைத் தானே நீக்கினாள்.
நிச்சயமா, என்று திரை கேட்டது.
அது கேட்டதாவது மரியாதை.

வெளியே பனி.
பேருந்து நிறுத்தத்தில் ஒலீட்டா.
காரை நிறுத்திக் கதவைத் திறந்தாள்.
ரயில் பாலம் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.
பிறகு ஒலீட்டா, சும்மா கேட்பதுபோல்:
அந்த ஒரு டாலர்காரருக்கு நிஜத்தில் எவ்வளவு?

முப்பத்தொரு வருஷ வாய்.
வெர்னா சொன்னாள்.

வருஷத்துக்கா?

இல்லை. மூன்று மாதத்துக்கு.

ஒலீட்டா கையுறையைக் கழற்றி
விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.
இரண்டாவது கைக்கு வந்ததும் நிறுத்தி,
மறுபடி மாட்டிக்கொண்டு,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூட வாசலில் இறக்கிவிடு, என்றாள்,
ஏழு மணிக்கு அங்கே ஷிஃப்ட்.